பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஒரு கல்லூரி அக்கா எதற்கு?

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் தேர்ச்சி விழுக்காடு செய்தியாகிறது. 2023-இல் 94.03, 2024-இல் 94.56, 2025-இல் 95.03. சில வாரங்கள் கழித்து இன்னொரு செய்தி வருகிறது: தேர்ச்சி பெற்றும் எந்தக் கல்லூரியிலும் சேராத பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்க மாவட்டந்தோறும் முகாம். தமிழ்நாடு அரசின் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் இதற்காகவே நடத்தப்படுகின்றன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் வருவது இயல்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறுகிறார்கள். கட்டணச் சலுகை, மாத உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் இருக்கின்றன. பிறகும் ஏன் பிள்ளைகள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்? கல்லூரி மாணவர்களைத் தன்னார்வ வழிகாட்டிகளாகப் பள்ளிக்கு அனுப்பினால் அது சரியாகுமா? சரியாகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் எந்த வகை வழிகாட்டுதல் என்பதைப் பொறுத்துத்தான் பலன். அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் சில சொற்கள்

மொத்தச் சேர்க்கை விகிதம்: உயர்கல்வியில் இருக்கும் மாணவர்களின் எண்ணிக்கையை, 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டவர்களின் மக்கள்தொகையால் வகுத்து வருகிற விழுக்காடு. ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. பெரிய மாநிலங்களில் இது மிக நல்ல நிலை. ஆனாலும் அந்த வயதினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கல்லூரிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதும் இதே எண்ணில்தான் இருக்கிறது. இந்த விகிதத்தைப் பிளஸ் டூ தேர்ச்சியோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒன்று ஒரே ஆண்டில் தேர்வு எழுதியவர்களைப் பற்றியது, மற்றது 18 முதல் 23 வரையிலான எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்ப்பது.

முதல் பட்டதாரி: குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாருமே பட்டம் பெறாத நிலையில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. தொழிற்கல்வியில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் இவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வழிகாட்டி: இங்கே இந்தச் சொல்லைப் பாடம் சொல்லித்தரும் டியூஷன் ஆசிரியர் என்ற பொருளில் பயன்படுத்தவில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்று கூடவே இருந்து, சேர்க்கை முடியும்வரை கையைவிடாத ஆள்தான் வழிகாட்டி. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் செய்தது முதல் வகை வேலை, அதுவும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு. பிளஸ் டூ பிள்ளைக்கு வேண்டியது இரண்டாம் வகை.

தேர்ச்சிக்கும் சேர்க்கைக்கும் நடுவில்

பட்டம் படித்த பெற்றோர் இருக்கும் வீட்டில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து முடித்துவிடுவார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், பதினேழு வயதுப் பிள்ளை தானே செய்து முடிக்க வேண்டியவை இவை:

1. நுழைவுத் தேர்வுகளுக்கு முடிவு வருவதற்கு வெகு முன்பே பதிவு செய்வது. ஐஐடி, என்ஐடிகளுக்கு வழிவிடும் ஜேஇஇ முதன்மைத் தேர்வு, மருத்துவத்துக்கான நீட், 2022 முதல் ஒன்றியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்திருக்கும் கியூட், கட்டடக்கலைக்கான நாட்டா என்று ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கடைசித் தேதி. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரவும் கியூட் எழுதியிருக்க வேண்டும். மே மாதத்தில் மதிப்பெண்ணோடு போய் நின்றால் இளநிலைப் படிப்புக்கான அந்தக் கதவு மூடியிருக்கும்.

2. சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வருவாய்த் துறை ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். இதில் அடிக்கடி பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று ஒன்றிய அரசு நிறுவனங்களில் செல்லாது. அங்கே ஒன்றிய அரசின் படிவத்தில், வசதிப்பிரிவில் இல்லை (நான்-கிரீமி லேயர்) என்று குறிப்பிட்டு, அந்த நிதியாண்டில் வாங்கிய சான்று வேண்டும். போன வருடம் வாங்கியதைப் பதிவேற்றினால் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

3. தனித்தனி விண்ணப்பங்கள். பொறியியலுக்கு ஒரு கலந்தாய்வு, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, கால்நடை மருத்துவத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஒன்று. ஒன்றில் பதிவு செய்தால் மற்றவற்றுக்குத் தானாகப் போகாது.

4. தரவரிசை வந்த பிறகு விருப்பப் பட்டியல் போடுவது, தற்காலிக ஒதுக்கீட்டைக் குறித்த நாளுக்குள் உறுதி செய்வது, கல்லூரிக்கு நேரில் போய்ச் சேர்வது. ஒரு நாள் தவறினாலும் இடம் போய்விடும்.

5. வீட்டின் சம்மதம். இதற்குப் படிவம் கிடையாது. ஆனால் பல வீடுகளில் மற்ற நான்கையும்விடக் கடினமானது இதுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் அதே தொகை. ஆக, பணத் தடை கணிசமாகக் குறைந்திருக்கிறது. மீதி நிற்பது மேலே சொன்ன ஐந்து.

தகவல் கொடுத்தால் போதாதா?

இந்த இடத்தில் பெரும்பாலானோர் சொல்லும் தீர்வு தகவல். கையேடு அச்சடிப்போம், யூடியூபில் போடுவோம், குறுஞ்செய்தி அனுப்புவோம், ஒரு நாள் கருத்தரங்கு நடத்துவோம். இது எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது மட்டும் போதுமா என்பதை அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான சோதனை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு வாராவாரம் போனார்கள். விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார்கள் என்று பள்ளி ஆலோசகர்கள் கருதிய இறுதியாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கல்லூரி விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் திட்டமே கட்டியது. யாருக்கு வழிகாட்டி கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆகவே இரு பிரிவினரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஸ்காட் காரெல், புரூஸ் சாசர்டோட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு: வழிகாட்டி ஒதுக்கப்பட்ட பெண்களில் கல்லூரிக்குப் போனவர்களின் விகிதம் 15 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. அதாவது நூறு பெண்களை எடுத்துக்கொண்டால், வழிகாட்டி இல்லாதபோது போயிருப்பவர்களைவிடப் பதினைந்து பேர் அதிகம்.

இதே ஆய்வில் வெறும் தகவல் கொடுத்தும், வெறும் ஊக்கத்தொகை கொடுத்தும் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. பிள்ளைகள் சோம்பலாகவோ ஒழுங்கில்லாமலோ இருந்ததும் காரணமில்லை, எளிதில் கிடைக்கும் தகவல் தெரியாததும் காரணமில்லை என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. விவரம் தெரிந்த பெற்றோரோ ஆசிரியரோ கொடுத்திருக்க வேண்டிய நேரமும் ஊக்கமும் அந்த வீடுகளில் கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் இதை உறுதி செய்கின்றன. வருமான வரிப் படிவம் நிரப்ப ஒரு நிறுவனத்தின் கிளைகளுக்கு வந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்குக் கல்லூரி நிதியுதவிப் படிவத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் படிவம் நிரப்பிக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதலாகக் கல்லூரிக்குப் போனார்கள், தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் மாற்றம் இல்லை. பிறகு 2021-இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நினைவூட்டல் செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள். சேர்க்கையில் அசைவே இல்லை.

அமெரிக்க நிலவரம் அப்படியே இங்கே பொருந்தாது. அங்கே கட்டணச் சுமை பெரிது, நுழைவு முறை வேறு. ஆனால் தகவல் கையில் இருந்தும் காரியம் நடக்காமல் போவது ஏன் என்ற அடிப்படை இங்கும் அதுதான். வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்கு மூன்றாவது முறை போக வேண்டியிருக்கும்போது, பிள்ளையோடு கூட வர ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

ஏன் கல்லூரி மாணவர்?

ஆசிரியர்கள் இதைச் செய்யக் கூடாதா? செய்கிறார்கள், பல பள்ளிகளில் தங்கள் செல்போனிலேயே பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒவ்வொருவரோடும் பத்து மணி நேரம் உட்கார அவர்களால் முடியாது. அப்புறம், ஆசிரியர் கலந்தாய்வில் கலந்துகொண்டது இருபது வருடத்துக்கு முன்பாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கை முதல் இல்லை, கலந்தாய்வு முழுக்க இணையத்துக்கு மாறிவிட்டது, 7.5 ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. போன வருடம் இதே திரையில் இதே பொத்தானை அழுத்தியவருக்குத்தான் எங்கே தவறு நடக்கும் என்று தெரியும்.

வீட்டின் சம்மதம் என்ற ஐந்தாவது தடையில் கல்லூரி மாணவரின் பலம் இன்னும் கூடுதல். பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் அம்மாவுக்குத் துறையின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பெரிதாகத் தோன்றாது. “விடுதியில் ராத்திரி வார்டன் இருப்பாங்களா? பஸ் எத்தனை மணிக்கு? ஊருக்கு வர லீவு விடுவாங்களா?” என்பவைதான் அவர் கேட்கும் கேள்விகள். பக்கத்து ஊரிலிருந்து போய் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், திண்ணையில் உட்கார்ந்து “இருப்பாங்கம்மா, நானும் அங்கதான் இருக்கேன், தங்கச்சி வந்தா நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லும்போது கிடைக்கும் நம்பிக்கையை அரசு ஆணையால் கொடுக்க முடியாது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து அதே கல்லூரிக்குப் போனவராக அந்தப் பெண் இருந்தால், “இங்கிலீஷ் புரியுமாக்கா?” என்ற பிள்ளையின் கேள்விக்கும் நேர்மையான பதில் கிடைக்கும். முதல் பருவம் கஷ்டமாக இருக்கும், அரியர் விழலாம், இரண்டாம் பருவத்தில் பழகிவிடும் என்று அனுபவித்தவர் சொல்வது வேறு.

ஒரு வேலையை மட்டும் விரிவாகப் பார்ப்போம்: விருப்பப் பட்டியல்

வழிகாட்டி எதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்குப் பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியல் நல்ல எடுத்துக்காட்டு. இதில் நடக்கும் தவறுகளால் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட இழக்கிறார்கள்.

கணிதத்துக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். ஒரே மதிப்பெண் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்தடுத்து வேறு சிலவற்றையும் பார்த்து, கடைசியாகச் சமவாய்ப்பு எண்ணில் (ரேண்டம் எண்) முடிவு செய்கிறார்கள். பிறகு மாணவர் தனக்கு வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாக அடுக்க வேண்டும். ஒதுக்கீடு செய்யும் கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

இந்த ஒரு விதியிலிருந்து நான்கு முடிவுகள் கிடைக்கின்றன:

1. கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டமே இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் வைத்து அது நிரம்பியிருந்தால், கணினி உங்கள் இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கும். அதற்குள் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் யாரும் முந்திவிட முடியாது.

2. பயந்து போய் “நிச்சயம் கிடைக்கும்” கல்லூரியை மேலே வைத்தால், அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய, உண்மையில் கிடைத்திருக்கக்கூடிய நல்ல கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது. கிடைப்பதை வைத்துக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பும் உங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருப்பவற்றுக்கு மட்டும்தான்.

3. பத்துப் பதினைந்து பெயரோடு பட்டியலை நிறுத்தினால் அத்தனையும் நிரம்பிப்போய் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். போன ஆண்டு வகுப்புவாரியாக எந்த மதிப்பெண்வரை இடம் கிடைத்தது என்ற கடைசி மதிப்பெண்ணைப் பார்த்து, அதற்கு மேலும் கீழும் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

4. பொதுப் போட்டி இடங்கள் 31 விழுக்காடு என்பது யாருக்கும் தனியாக ஒதுக்கியது கிடையாது. எல்லா வகுப்பினரும் அதில் போட்டியிடலாம். பி.சி. 26.5, இஸ்லாமிய பி.சி. 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 15, அருந்ததியர் 3, பழங்குடி 1 என மீதி 69 விழுக்காடுதான் வகுப்புவாரியாக ஒதுக்கியது. தன் வகுப்புக்குரிய கடைசி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒதுங்கும் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் எதை வைப்பது என்பதற்கு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கலாம். சாலையோரத் தட்டியில் இருக்கும் வேலைவாய்ப்பு எண்ணைவிட அது நம்பத்தக்கது.

இங்கே இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஊருக்குள் வந்து, “இப்பவே முன்பணம் கட்டினா சீட் உறுதி” என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது, 7.5 விழுக்காட்டின் கட்டணச் சலுகையும் கிடைக்காது. கலந்தாய்வில் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு நான்கு வருடம் கடன் கட்டுகிற குடும்பங்கள் உருவாவது இப்படித்தான். ஏப்ரலிலேயே ஒரு வழிகாட்டி அந்த வீட்டுக்குப் போயிருந்தால் இது நடக்காது.

எப்போது தொடங்குவது

பெரும்பாலான தன்னார்வ முயற்சிகள் தேர்வு முடிவுக்குப் பிறகு தொடங்குகின்றன. அது தாமதம். முதல் சந்திப்பு பிளஸ் டூ ஆண்டின் நவம்பரிலாவது நடக்க வேண்டும். நுழைவுத் தேர்வுப் பதிவுகள் அந்தக் காலத்திலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வரிசையாக வந்து முடிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கலாம், மே மாதக் கூட்டம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளையைப் பொதுத்தேர்வுக்கு விட்டுவிட வேண்டும். ஏப்ரலில் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு பேச்சு, மே முதல் ஜூலை வரை தீவிர வேலை.

கல்லூரி மாணவருக்கும் பருவத் தேர்வு உண்டு. நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் அவர்களால் வர முடியாத வாரங்கள் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் கோடை விடுமுறையில் அவர்கள் சொந்த ஊரில் இருப்பார்கள். ஆகவே கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளியைத் தத்தெடுப்பதைவிட, மாணவரின் சொந்த ஊர்ப் பள்ளியோடு இணைப்பது நல்லது என்பது என் கருத்து. வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வழிகாட்டியும் பிள்ளையும் ஒரே ஊரில் இருப்பார்கள்.

நேரக் கணக்கும் பயமுறுத்துவதாக இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் இரண்டு சந்திப்பு, சந்திப்புக்கு இரண்டு மணி நேரம் என்றால், பொதுத்தேர்வு மாதங்களைக் கழிக்காவிட்டாலும் 24 மணி. மே முதல் ஜூலை வரை பதின்மூன்று வாரம், வாரம் ஐந்து மணி என்றால் 65. பயிற்சிக்குப் பத்து மணி சேர்த்தால் மொத்தம் 99. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே இது அடங்கிவிடும். ஒரு வழிகாட்டிக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இருபது பேரை ஒப்படைத்தால் அது மறுபடியும் கருத்தரங்காகிவிடும்.

எங்கே உடைகிறது

நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல முயற்சிகள் இரண்டாம் ஆண்டில் காணாமல் போகின்றன. காரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முதலாவது, வழிகாட்டியாக மிகவும் பொருத்தமானவரே மிகவும் சிரமத்தில் இருப்பவர். முதல் பட்டதாரியாகப் படிக்கும் மாணவர் சனி, ஞாயிறில் கேட்டரிங் வேலைக்கோ கடைக்கோ போகிறார். அவரிடம் போய்ப் பேருந்துச் செலவையும் கைக்காசில் போட்டுக்கொண்டு வா என்று கேட்பது நியாயமில்லை. அப்படிக் கேட்டால் வசதியான மாணவர்கள் மட்டுமே வருவார்கள், மேலே சொன்ன பலங்கள் பாதி போய்விடும். இஸ்ரேலில் 1974 முதல் நடக்கும் ‘பெராக்’ திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளோடு நேரம் செலவிடும் பல்கலைக்கழக மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி உதவித்தொகையாகக் கிடைக்கிறது. இல்லம் தேடிக் கல்வியிலும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது. பயணப்படியும் ஒரு சிறு தொகையும் கொடுப்பதால் சேவையின் மதிப்பு குறைந்துவிடாது.

இரண்டாவது, பயிற்சி. தன் கல்லூரியை மட்டும் தெரிந்த வழிகாட்டி எல்லோரையும் தன் படிப்புக்கே தள்ளுவார். கணினிப் பொறியியல் மாணவர் அனைவருக்கும் கணினிப் பொறியியலைச் சொல்வார். வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு எது பொருந்தும், பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளை அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 2010 முதல் தமிழ்வழியிலும் படிக்க முடிகிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஏற்ற வழி காட்ட முடியும்.

மூன்றாவது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பெரிய சேதம் செய்யும். பல பிரவுசிங் சென்டர்களில் பிள்ளையின் விண்ணப்பத்துக்குக் கடைக்காரரின் மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் வழிகாட்டிகளும் இதையே செய்வார்கள். கலந்தாய்வு நாளில் ஓடிபி வேறு ஒருவர் போனுக்குப் போகும், பிள்ளையால் உள்ளேயே நுழைய முடியாது. விதி இப்படி இருக்கட்டும்: எண் பிள்ளையின் வீட்டு எண், கடவுச்சொல் பிள்ளையின் நோட்டில், பொத்தானை அழுத்துவது பிள்ளையின் விரல். வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

எல்லைகள்

பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிறையாதவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் அவர்கள் அனைவருக்கும் பொருந்தும். சந்திப்பு பள்ளியில், ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில் நடக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் பெற்றோர் இருக்கும்போது மட்டும், இருவராக. பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டி. இரவு நேரத் தனி அரட்டை கிடையாது, குழுவில் ஆசிரியரும் இருப்பார். வீட்டில் அடி, கட்டாயத் திருமண ஏற்பாடு, தற்கொலை எண்ணம் போன்றவை காதில் விழுந்தால் வழிகாட்டி தானே தீர்க்கப் போகக் கூடாது. உடனே பொறுப்பாசிரியரிடமோ குழந்தைகள் உதவி எண் 1098-லோ சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது மாணவர்மீது இந்தச் சுமையை ஏற்றினால் அவருக்கும் கேடு.

யாருக்கு முதலில்

எல்லோருக்கும் வழிகாட்டி கொடுக்க ஆள் போதாது. அதனால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் பல்கலைக்கழக மாணவர்கள் 2008-இல் தொடங்கிய ‘ராக் யுவர் லைஃப்’ என்ற வழிகாட்டித் திட்டத்தைக் குலுக்கல் முறையில் மதிப்பிட்டபோது, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளின் கணித மதிப்பெண்ணும் எதிர்காலத் தெளிவும் மேம்பட்டிருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. இதை இங்கே வைத்துப் பார்த்தால், முதல் மதிப்பெண் எடுத்த பத்துப் பேரை மேடையேற்றி அவர்களுக்கே ஆலோசனை சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். முதல் பத்துக்குப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். 300-க்கும் 450-க்கும் நடுவில் எடுத்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்க ஆளில்லாமல் இருக்கும் பிள்ளையிடம் வழிகாட்டி போக வேண்டும்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் பெண்களுக்குக் கிடைத்த பலன் பையன்களிடம் மிகக் குறைவாகவே இருந்தது. உடனே கிடைக்கும் வேலை அவர்களை இழுத்தது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இங்கும் தேர்வு முடிந்த மறுவாரமே பனியன் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போய் வீட்டுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கும் பையனுக்கு, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது மட்டும் போதாது. அவன் கொண்டுவரும் சம்பளம் நின்றால் வீடு என்ன செய்யும் என்ற கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். வேலையோடு படிக்க வசதியாக இருக்கும் மாலைநேரக் கல்லூரி, அரசு ஐடிஐ, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆகியவற்றைச் சேர்த்து அந்தக் கணக்கு போடப்பட வேண்டும். பையன்களுக்கு இதே நிலையிலிருந்து வந்த அண்ணன்களே வழிகாட்டியாக வருவது நல்லது.

சேர்க்கை முடிந்ததும் வழிகாட்டியின் வேலையும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உதவித்தொகை வர வேண்டிய வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பதிவைக் கல்லூரி செய்ததா என்று கேட்க வேண்டும். முதல் பருவத் தேர்வு முடிவு வரும்வரை மாதம் ஒரு முறையாவது போன் செய்ய வேண்டும். ஆங்கிலவழிப் பாடத்தில் திணறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த ஆறு மாதத்தில்தான் திரும்புகிறார்கள்.